இன்சுலினுக்கும் உண்டு கடிவாளம்: மூளையில் கண்டறியப்பட்ட சோமாட்டோஸ்டேட்டின் ரத்தச் சர்க்கரையை மாற்றுவது எப்படி?

இன்சுலின் சுரப்பைத் தடுக்கும் ஒரு பொருளை உடலில் செலுத்தினால், ரத்தத்தில் சர்க்கரை உயரும் என்பதே எவரும் எதிர்பார்க்கக்கூடியது. ஆனால், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பபூன் குரங்குகளுக்கு அத்தகைய பொருள் ஒன்றைச் செலுத்தியபோது இன்சுலின் குறைந்தது. கூடவே சர்க்கரையும் குறைந்தது. 1974ஆம் ஆண்டு வெளியான இந்த முடிவு, சர்க்கரை நோயை இன்சுலின் ஒன்றின் குறைபாடாக மட்டுமே பார்க்கும் வழக்கத்தை அசைத்தது. அந்தப் பொருள், மூளையிலிருந்து அதற்கு முந்தைய ஆண்டு பிரித்தெடுக்கப்பட்டிருந்த 'சோமாட்டோஸ்டேட்டின்' என்ற சிறு பெப்டைடு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் உள்ளது. மேலும் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய நிலையில் உள்ளனர். இவர்களில் கணிசமானோர் இன்சுலின் ஊசியையோ, இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரையையோ நம்பியிருப்பவர்கள். சர்க்கரை உயர்வதைப் போலவே, அது திடீரெனத் தாழ்ந்துவிடுவதும் இவர்களுக்கு ஆபத்து. மூளையில் கண்டறியப்பட்ட இந்தப் பெப்டைடு அந்த இரண்டு ஆபத்துகளுடனும் தொடர்புடையது.

தேடியது ஒன்று, கிடைத்தது வேறு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள சால்க் ஆய்வு நிறுவனத்தில், ரோஜர் கியெமின் தலைமையிலான குழு 1970களின் தொடக்கத்தில் வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் மூளைப் பொருளைத் தேடிக்கொண்டிருந்தது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், தனக்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு வேதிப்பொருள்கள் மூலம் கட்டளையிடுகிறது என்பது அப்போது தெளிவாகியிருந்தது. இதற்காக இறைச்சிக்கூடங்களிலிருந்து செம்மறி ஆடுகளின் ஹைப்போதலாமஸ் துண்டுகள் லட்சக்கணக்கில் திரட்டப்பட்டன.

ஆனால், அவற்றிலிருந்து எடுக்கப்பட்ட சாறு, பிட்யூட்டரி செல்களிலிருந்து வளர்ச்சி ஹார்மோன் வெளியாவதைத் தூண்டவில்லை, மாறாக நிறுத்தியது. தேடலுக்கு நேர் எதிரான இந்த விளைவைக் குழுவினர் ஒதுக்கிவிடாமல் பின்தொடர்ந்தனர். 14 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் பெப்டைடின் அமைப்பை பால் பிரசோ, கியெமின் உள்ளிட்டோர் 1973இல் வெளியிட்டனர். 'சோமா' என்றால் உடல், 'ஸ்டேட்டின்' என்றால் நிறுத்துவது. உடல் வளர்ச்சியை நிறுத்துவது என்ற பொருளில் பெயர் வைக்கப்பட்டது. கொழுப்பைக் குறைக்க உட்கொள்ளப்படும் 'ஸ்டேட்டின்' மாத்திரைகளுக்கும் இதற்கும் பெயரொற்றுமையைத் தவிர வேறு தொடர்பு இல்லை.

மூளை ஹார்மோன்கள் குறித்த பணிக்காக கியெமினும் ஆண்ட்ரூ ஷாலியும் 1977ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர். அதே பரிசின் மறுபாதி, ரத்தத்தில் இன்சுலின் போன்ற ஹார்மோன்களை மிக நுண்ணிய அளவிலும் கணக்கிடும் முறையை உருவாக்கிய ரோசலின் யாலோவுக்கு வழங்கப்பட்டது. அந்த அளவீட்டு முறை இல்லாமல், சியாட்டில் ஆய்வாளர்களால் பபூன்களின் ரத்தத்தில் என்ன நிகழ்ந்தது என்பதைக் கண்டறிந்திருக்க முடியாது.

கணையத்திலும் அதே பெப்டைடு

மூளையில் கண்டெடுக்கப்பட்ட ஒரு பொருள் கணையத்தின் மீது ஏன் இவ்வளவு வலுவாகச் செயல்பட வேண்டும்? அடுத்த ஓராண்டுக்குள் விடை கிடைத்தது. கணையத்தில் திட்டுத் திட்டாக அமைந்துள்ள லாங்கர்ஹான்ஸ் செல் கூட்டங்களுக்குள்ளேயே சோமாட்டோஸ்டேட்டின் தயாரிக்கப்படுகிறது என்று தெரியவந்தது. அங்கு இன்சுலினைச் சுரப்பவை பீட்டா செல்கள். குளுக்ககானைச் சுரப்பவை ஆல்ஃபா செல்கள். மூன்றாவதாக, எண்ணிக்கையில் மிகக் குறைவான டெல்டா செல்கள் இருப்பது நுண்ணோக்கியில் 1930களிலேயே தெரிந்திருந்தபோதிலும், அவற்றின் வேலை என்ன என்பது புரியாமல் இருந்தது. சோமாட்டோஸ்டேட்டினைச் சுரப்பவை அவைதான்.

ஒரே பெப்டைடு உடலின் பல இடங்களில் தனித்தனியாகத் தயாராகிறது என்பதே இதில் முக்கியமானது. எலிகளில் எடுக்கப்பட்ட கணக்கின்படி, உடலில் உள்ள சோமாட்டோஸ்டேட்டினில் பெரும்பகுதி குடலிலும் இரைப்பையிலும் உள்ளது. சுமார் கால் பங்கு மூளையில் உள்ளது. கணையத்தில் இருப்பது ஏறத்தாழ 5 சதவீதம்தான். மூளையில் சுரப்பது பெரும்பாலும் அங்கேயே, அல்லது பிட்யூட்டரிக்குச் செல்லும் சிறு ரத்தக் குழாய்களில் செலவாகிவிடுகிறது. பொது ரத்த ஓட்டத்தில் காணப்படுவது முக்கியமாகக் குடலிலிருந்து வருவது. அதில் 28 அமினோ அமிலங்கள் கொண்ட நீளமான வடிவமும் உண்டு. உணவு உண்ட பின், குறிப்பாகக் கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின், இதன் அளவு ரத்தத்தில் உயர்கிறது. இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்காமல் பார்த்துக்கொள்வதில் இதற்குப் பங்கு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

ரத்தத்தில் 14 அமினோ அமில வடிவத்தின் ஆயுள் மிகக் குறைவு. ஓரிரு நிமிடங்களிலேயே அதன் பாதி சிதைந்துவிடுகிறது. கணையத்துக்குள் டெல்டா செல் சுரப்பது பக்கத்தில் உள்ள ஆல்ஃபா, பீட்டா செல்களைத் தொட்டாலே போதும் என்பதால், இந்தக் குறுகிய ஆயுள் அங்கு ஒரு குறையாகாது.

செல்லின் கதவை அடைக்கும் முறை

சோமாட்டோஸ்டேட்டினை உணர்ந்துகொள்ளும் ஏற்பிகள் ஐந்து வகை. அவை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டு அழைக்கப்படுகின்றன. பெப்டைடு ஏற்பியில் பொருந்தியவுடன், செல்லுக்குள் பொட்டாசியம் வெளியேறும் பாதைகள் திறக்கின்றன. அதனால் செல்லின் மின்நிலை தாழ்கிறது. கால்சியம் உள்ளே நுழைவது குறைகிறது. ஹார்மோன் நிரம்பிய நுண்பைகள் செல்லின் விளிம்புக்கு வந்து உடைந்து திறப்பதற்குக் கால்சியம் தேவை. அது கிடைக்காதபோது, ஹார்மோன் தயாராக இருந்தும் வெளியேற முடிவதில்லை. சோமாட்டோஸ்டேட்டின் இன்சுலினை அழிப்பதில்லை. அது வெளியேறும் வாயிலை மட்டும் அடைக்கிறது.

பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கும்போதே 'யூரோகார்ட்டின் 3' என்ற மற்றொரு பொருளையும் வெளியிட்டு டெல்டா செல்களைத் தூண்டுகின்றன என்பது எலிகளில் நடத்தப்பட்ட ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. அதாவது, முடுக்குபவரே கடிவாளத்தையும் இழுக்கச் சொல்கிறார். சர்க்கரை நோய் முற்றும்போது இந்தத் தகவல் தொடர்பு அறுந்துபோவதாக அந்த ஆய்வுகள் காட்டின.

சர்க்கரை ஏன் குறைந்தது?

பபூன்களின் புதிருக்கு விடை குளுக்ககானில் இருந்தது. வெறும் வயிற்றில் இருக்கும்போது உடலுக்குத் தேவையான சர்க்கரையைத் தருவது கல்லீரல். சேமித்து வைத்துள்ள கிளைக்கோஜனைச் சிதைத்தும், அமினோ அமிலங்கள் போன்றவற்றிலிருந்து புதிதாகத் தயாரித்தும் அது சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. அதற்கு ஆணையிடுவது குளுக்ககான். அந்த ஆணையை எதிர்ப்பது இன்சுலின். சோமாட்டோஸ்டேட்டின் இரண்டையும் ஒருசேர நிறுத்தியபோது, கல்லீரல் சர்க்கரை விடுவதைக் குறைத்தது. உடல் தொடர்ந்து செலவிட்டதால் ரத்தத்தில் அளவு இறங்கியது.

ஆனால், இந்த இறக்கம் நிலைக்கவில்லை. மனிதர்களுக்குச் சில மணி நேரம் தொடர்ந்து செலுத்தப்பட்டபோது, இன்சுலின் இல்லாமையின் விளைவு மேலோங்கியது. சர்க்கரை மீண்டும் ஏறத் தொடங்கி, இயல்பான அளவையும் தாண்டியது. முதலில் இறக்கம், பின்னர் ஏற்றம் என்ற இந்த இரட்டை நடத்தையே சோமாட்டோஸ்டேட்டின் குறித்த பல குழப்பங்களுக்குக் காரணம். முதல் மணி நேரத்தை மட்டும் பார்ப்பவர் இதைச் சர்க்கரை நோய்க்கான மருந்து என்பார். நான்காவது மணி நேரத்தைப் பார்ப்பவர் சர்க்கரை நோயை உண்டாக்கும் பொருள் என்பார்.

இன்சுலின் அறவே சுரக்காத முதல் வகை சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தப்பட்ட சோதனை இன்னும் தெளிவான பதிலைத் தந்தது. இவர்களுக்கு இன்சுலின் ஊசி நிறுத்தப்பட்டால் சில மணி நேரத்தில் ரத்தத்தில் கீட்டோன்கள் குவிந்து, உயிருக்கே ஆபத்தான அமிலத்தேக்கம் ஏற்படும். ஜான் கெரிக் தலைமையிலான குழு 1975இல் வெளியிட்ட ஆய்வில், இன்சுலினை நிறுத்தியபோதிலும் சோமாட்டோஸ்டேட்டின் செலுத்தப்பட்டவர்களுக்கு, மருத்துவமனைக் கண்காணிப்பின்கீழ் இருந்த 18 மணி நேரத்துக்கு அந்த அமிலத்தேக்கம் ஏற்படவில்லை. அவர்களிடம் நிறுத்துவதற்கு இன்சுலினே இல்லை. எனவே குறைந்தது குளுக்ககான் மட்டுமே. இன்சுலின் பற்றாக்குறையுடன் குளுக்ககான் மிகுதியும் சேர்ந்தே அந்த நெருக்கடியை உருவாக்குகிறது என்பதற்கு இது வலுவான சான்றாகக் கருதப்பட்டது.

மருந்தாக மாறாதது ஏன்?

இந்த முடிவுகளைத் தொடர்ந்து, சோமாட்டோஸ்டேட்டினே சர்க்கரை நோய்க்கு மருந்தாகலாம் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. அது நிறைவேறவில்லை. சில நிமிடங்களில் சிதைந்துவிடும் ஒரு பொருளை இடைவிடாமல் சொட்டுசொட்டாக ஏற்ற வேண்டும். கணையத்தில் இன்சுலின் எஞ்சியிருக்கும் நோயாளியிடம் அது அந்த எஞ்சிய இன்சுலினையும் தடுக்கும். உணவுக்குப் பின் சர்க்கரை ஏற்றம் குறைந்ததாகத் தெரிந்த முன்னேற்றத்திலும் ஒரு மாயை இருந்தது. குடலுக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தையும் செரிமானத்தையும் சோமாட்டோஸ்டேட்டின் மந்தப்படுத்துவதால், சர்க்கரை குடலிலிருந்து தாமதமாக உறிஞ்சப்பட்டது. உடல் அதைச் சிறப்பாகப் பயன்படுத்திவிடவில்லை என்று ஜான் வாரனும் பிலிப் ஃபெலிக்கும் 1976இல் சுட்டிக்காட்டினர்.

எனினும், ஆய்வகத்தில் அது இன்றியமையாத கருவியானது. ஒருவரது சொந்த இன்சுலினையும் குளுக்ககானையும் சோமாட்டோஸ்டேட்டின் மூலம் அடக்கிவிட்டு, இரண்டையும் விரும்பிய அளவில் வெளியிலிருந்து செலுத்தினால், ஒவ்வொன்றும் கல்லீரலிலும் தசையிலும் என்ன செய்கிறது என்பதைத் தனித்தனியே அளக்கலாம். சர்க்கரை வளர்சிதை மாற்றம் குறித்து இன்று அறியப்பட்டுள்ளவற்றில் பெரும்பகுதி இந்த முறையில் கிடைத்ததே.

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோருக்கு இந்தப் பெப்டைடுடன் இன்னொரு தொடர்பும் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. மரபணுப் பொறியியல் மூலம் பாக்டீரியாவில் தயாரிக்கப்பட்ட முதல் மனித ஹார்மோன் சோமாட்டோஸ்டேட்டின்தான். கெய்ச்சி இட்டகுரா, ஆர்தர் ரிக்ஸ், ஹெர்பர்ட் பாயர் உள்ளிட்டோர் 1977இல் இதைச் சாதித்தனர். 14 அமினோ அமிலங்களே கொண்டிருந்ததால், அதற்கான மரபணுவை வேதியியல் முறையில் செயற்கையாகத் தயாரிப்பது எளிதாக இருந்தது. லட்சக்கணக்கான ஆட்டு மூளைகளிலிருந்து சில மில்லிகிராம் மட்டுமே கிடைத்த பொருளைச் சில லிட்டர் பாக்டீரியா வளர்ப்புத் திரவம் தந்தது. அந்த ஒத்திகைக்குப் பிறகு 1978இல் மனித இன்சுலின் அதே முறையில் தயாரிக்கப்பட்டது. 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. மாடு, பன்றியின் கணையங்களை நம்பியிருந்த காலம் அதன் பின்னரே முடிவுக்கு வரத் தொடங்கியது.

அதிகாலையில் ஏறும் சர்க்கரை

இரவு கட்டுப்பாட்டில் இருந்த சர்க்கரை, எதுவும் உண்ணாமலே விடியற்காலையில் உயர்ந்திருப்பதைப் பல நோயாளிகள் கண்டு குழம்புவதுண்டு. இதில் மூளையின் சோமாட்டோஸ்டேட்டின் நேரடியாகக் கணையத்தின் மீது அல்லாமல், பிட்யூட்டரி வழியாகத் தொடர்புபடுகிறது. உறக்கத்தின்போது வளர்ச்சி ஹார்மோன் அலையலையாகச் சுரக்கிறது. அது இன்சுலினின் வேலையைத் தடுக்கும் தன்மை கொண்டது. ஆரோக்கியமானவர்களின் கணையம் சற்றுக் கூடுதலாக இன்சுலின் சுரந்து அதைச் சமன்செய்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு அது இயலாது.

முதல் வகை நோயாளிகளிடம் சோமாட்டோஸ்டேட்டினைச் செலுத்தி இரவு நேர வளர்ச்சி ஹார்மோனை அடக்கியபோது அதிகாலை ஏற்றம் மறைந்ததையும், வளர்ச்சி ஹார்மோனை மட்டும் திரும்பச் செலுத்தியபோது அந்த ஏற்றம் திரும்பியதையும் 1985இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பிட்யூட்டரிக் கட்டியால் வளர்ச்சி ஹார்மோன் மிகையாகச் சுரந்து, கை கால்களும் தாடையும் பெருக்கும் 'அக்ரோமெகலி' நோயாளிகள் பலருக்குச் சர்க்கரை நோய் சேர்ந்தே வருவதற்கும் காரணம் இதுவே.

மருத்துவமனையில் இதன் பயன்

சோமாட்டோஸ்டேட்டினைத் தொடர்ந்து மிகையாகச் சுரக்கும் கட்டிகள் மிக அரிதாகக் கணையத்திலோ சிறுகுடலிலோ தோன்றுகின்றன. 1977இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோயாளிகளிடம் மிதமான சர்க்கரை நோய், பித்தப்பைக் கற்கள், கொழுப்பு செரிக்காத வயிற்றுப்போக்கு ஆகியவை ஒன்றாகக் காணப்பட்டன. சர்க்கரை மிக அதிகமாக உயராததற்கு, குளுக்ககானும் அடக்கப்பட்டிருப்பதே காரணம்.

சிதையாமல் நீடிக்கும்படி எட்டு அமினோ அமிலங்களுடன் சுருக்கி வடிவமைக்கப்பட்ட 'ஆக்ட்ரியோடைடு' என்ற மருந்து 1980களில் பயன்பாட்டுக்கு வந்தது. இதன் பாதி சிதைய ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். அக்ரோமெகலிக்காக மட்டுமின்றி, கல்லீரல் சுருக்க நோயாளிகளுக்கு உணவுக்குழாய் ரத்தநாளங்கள் வெடித்து ரத்தம் கசியும்போதும் இந்திய மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இது பயன்படுத்தப்படுகிறது.

சர்க்கரை நோய் தொடர்பில் இதன் முக்கியமான பயன் வேறொன்று. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் பீட்டா செல்களை வற்புறுத்தி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. விலை குறைவு என்பதால் இந்தியாவில் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. முதியவர்கள், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள், மாத்திரை போட்டுவிட்டு உணவைத் தவறவிட்டவர்கள் ஆகியோருக்கு இவற்றால் சர்க்கரை கடுமையாகத் தாழக்கூடும். அப்போது குளுக்கோஸ் ஏற்றினால் சர்க்கரை ஏறும். ஆனால், ஏறிய சர்க்கரையே பீட்டா செல்களை மீண்டும் தூண்ட, மாத்திரையின் வீரியமும் சேர்ந்து, சில மணி நேரத்தில் மறுபடியும் தாழ்ந்துவிடும். வீட்டில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுந்து உட்கார்ந்தவர் இரவில் மீண்டும் மயங்குவதற்கு இதுவே காரணம். இத்தகையோர் தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான். அங்கு குளுக்கோஸுடன் ஆக்ட்ரியோடைடு கொடுக்கப்படும்போது பீட்டா செல்களின் வாயில் அடைக்கப்பட்டு, அந்தச் சுழல் நிற்கிறது. பிறவியிலேயே இன்சுலின் மிகையாகச் சுரக்கும் பச்சிளங்குழந்தைகள் சிலருக்கும் இம்மருந்து கொடுக்கப்படுகிறது.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உள்ளது. 2012இல் ஒப்புதல் பெற்ற 'பாசிரியோடைடு' என்ற மற்றொரு மருந்து, ஐந்தாம் வகை ஏற்பியுடன் வலுவாகப் பிணைவது. அது இன்சுலினை அதிகமாகவும் குளுக்ககானைக் குறைவாகவும் அடக்குகிறது. எனவே, அதைப் பெறும் பலருக்குச் சர்க்கரை உயர்வது அறியப்பட்ட பக்கவிளைவு. எந்த ஏற்பியைத் தொடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே குடும்பத்து மருந்துகள் மாறுபட்ட பலன் தருவதை இது உணர்த்துகிறது.

கடிவாளத்தைத் தளர்த்தும் முயற்சி

இன்சுலின் ஊசியை நம்பி வாழ்வோரின் பெரும் அச்சம் 'லோ சுகர்' எனப்படும் தாழ்சர்க்கரை நிலை. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே சர்க்கரை இறங்கினால் எச்சரிக்கை தேவை. 54க்குக் கீழே இறங்கினால் மூளையின் செயல்பாடே பாதிக்கப்படலாம். ஆரோக்கியமான உடலில் சர்க்கரை தாழத் தொடங்கியவுடன் ஆல்ஃபா செல்கள் குளுக்ககானைச் சுரந்து கல்லீரலைத் தட்டியெழுப்புகின்றன. ஆனால், முதல் வகை நோயாளிகளுக்கு நோய் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே இந்தத் தற்காப்பு மங்கிவிடுகிறது. ஆல்ஃபா செல்கள் அழிந்துவிடுவதில்லை. அவை இருந்தும், தாழ்சர்க்கரையின்போது மட்டும் பேசாமல் இருக்கின்றன. உறக்கத்தில் இது நிகழ்ந்தால் நோயாளி வியர்வையையும் நடுக்கத்தையும் உணராமலே போகலாம்.

இந்த மௌனத்துக்குக் காரணம் மிகையான சோமாட்டோஸ்டேட்டினாக இருக்கலாம் என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கு எழுந்தது. ஆல்ஃபா செல்களில் முதன்மையாக இருப்பது இரண்டாம் வகை ஏற்பி. கனடாவின் டொரண்டோ நகரில் உள்ள யார்க் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரிடெல் குழுவினர், சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளில் அந்த ஏற்பியை மட்டும் அடைக்கும் பொருளைச் செலுத்தினர். தாழ்சர்க்கரையின்போது குளுக்ககான் சுரப்பு அவற்றில் மீண்டது. பீட்டா செல்கள் டெல்டா செல்களுடன் மின்தொடர்பு கொண்டவை என்றும், பீட்டா செல்கள் அழியும்போது அந்தத் தொடர்பு அறுந்து, டெல்டா செல்கள் சர்க்கரை தாழ்ந்திருக்கும்போதும் கட்டுப்பாடின்றிச் சுரக்கின்றன என்றும் எலிகளில் நடந்த பிற ஆய்வுகள் விளக்கம் தருகின்றன.

இந்த வழியில் உருவாக்கப்பட்ட 'இசட்டி-01' என்ற மருந்து, முதல் வகை நோயாளிகளின் இரவு நேரத் தாழ்சர்க்கரையைத் தடுக்குமா என்று மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு வருகிறது. அளவைத் தீர்மானிப்பதே இதில் உள்ள சிக்கல். கடிவாளம் மிகையாகத் தளர்ந்தால் குளுக்ககான் பெருகி, சர்க்கரை பகல் முழுவதும் உயர்ந்தே இருக்கும். இரண்டாம் வகை ஏற்பி பிட்யூட்டரியிலும் குடலிலும் இருப்பதால், வளர்ச்சி ஹார்மோனும் செரிமானமும் மாறுகின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டியுள்ளது.

அதுவரை நடைமுறையில் இருப்பவை பழைய வழிகளே. நோயாளி நினைவோடு இருந்தால் 15 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்ப்பது. நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் குளுக்ககான் ஊசி போடுவது அல்லது உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது.